இடப்பக்கத்துக் கீழ்முனை

பெட்டி ஆடியது.

நான்கு பேர் தூக்கி இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்ததும், கால்பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். உள்ளே மெட்டில்டாவின் தலை லேசாக அசைந்து நின்றது. அவள் அப்பா மரியராஜ், மகளின் தலையைப் பிடித்துக்கொள்ளப் போகிறவர்போலக் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"பெஞ்சுக் கால் குட்டை. ஏதாவது முட்டுக் குடுங்கப்பா."

"ஒரு கல்லு எடுத்தாரவா?"

"கல்லு வழுக்கும்."

நரசிம்மமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தான். மெட்டில்டாவின் புருஷன் அமலதாஸோடு கல்லூரியில் அதே ரசாயன ஆய்வகத்தில் டெமான்ஸ்டிரேட்டராக இருப்பவன். மேல்கோட்டை ஐயங்கார். கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்கு வந்ததே பெரிது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் பெட்டிக்கே தோள் கொடுத்திருந்தான். கூடத்துச் சுவரோரம் நின்ற புத்தக அலமாரியில் கையை விட்டு, இருந்ததிலேயே தடியானதை உருவினான். இடது கையால். அவனுக்கு எல்லாமே இடது கைதான்.

"இது சரியா இருக்கும்," என்று பெஞ்சடியில் குனிந்தான்.

"அது வேண்டாம்," என்றான் அமலதாஸ்.

காலையிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மேல்தட்டிலிருந்த பழைய கெமிஸ்ட்ரி பாடநூலை எடுத்து மூர்த்தியிடம் கொடுத்தான். அது பெஞ்சுக் காலுக்கடியில் அளவெடுத்ததுபோலப் போய் உட்கார்ந்தது. பெட்டி ஆடவில்லை.

கையிலிருந்தது பச்சைக் காலிகோ அட்டை. கல்யாணமான வருஷம் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை இருவரும் வெட்டிச் சேர்த்து, மண்டி மொஹல்லாவில் ஒரு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். முதலில் யார் படிப்பது என்று சண்டை வரும். கடைசியில் மெட்டில்டா ஒரு வழி கண்டுபிடித்தாள்: அவள் உரக்கப் படிப்பது, அவன் கேட்பது, இருவரும் ஒரே நேரத்தில் முடிப்பது. கதையில் மாமியார் பேசினால் மூக்கால் பேசுவாள். கணக்கப்பிள்ளை பேசினால் இருமிக்கொள்வாள். அவன் காலை நீட்டிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

புத்தகம் கையில் தானாகத் திறந்துகொண்டது. திறந்த இடத்தில் தாளின் முனை மடிந்திருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வீட்டில் புத்தகத்தின் முனையை யாரும் மடிப்பதில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை மடித்தாள். "புத்தகத்துக்கு ஏன் காதைத் திருகறே?" என்று அவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சரிங்க டெமான்ஸ்டிரேட்டர் சார்," என்றாள் அவள். அன்றிலிருந்து பக்க அடையாளத்துக்குத் துடைப்பக் குச்சிதான். படிக்க உட்காரும்போதெல்லாம் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவுவாள். "வீட்ல துடைப்பம் இளைச்சுப் போச்சு, அலமாரி குண்டாயிடுச்சு," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இங்கே குச்சி இல்லை. மடிப்பு இருந்தது. அதுவும் எல்லோரும் மடிக்கிற வலது மேல்முனை இல்லை. இடப்பக்கத்துத் தாள், கீழ்முனை, பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு விரல் தீற்றல். சுரண்டிப் பார்த்தான். சுண்ணாம்பு. அதைச் சொல்ல ஆய்வகம் தேவையில்லை.

நிமிர்ந்தான். மூர்த்தி கைக்குட்டையை எடுத்து இடது கை விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெற்றிலை போடாத நேரமில்லாத மூர்த்தி. இன்று வாய் வெறுமையாக இருந்தது.

*

பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அவன் அலமாரியின் முன் மண்டி போட்டு உட்கார்ந்தான். பார்ப்பவர்களுக்கு அவனும் செபம் சொல்வதுபோல இருந்திருக்கும்.

ஒவ்வொன்றாக உருவினான். பெரிய மணிக்கூண்டுக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் முதல் சம்பளத்தில் வாங்கிய கதைத் தொகுதி. யாரோ ஒரு வேதநாயகிக்குத் திருமணப் பரிசு என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். "அந்தம்மா ஏன் வித்துட்டாங்க? புருஷன் சரியில்லையோ?" என்று மெட்டில்டா வெகுநாள் கவலைப்பட்டாள். அதில் மடிப்பு இருந்தது, கீழ்முனையில். தசராப் பொருட்காட்சிக்கு எடுத்துப் போய் வடை எண்ணெய் பட்ட பயணக்கதையில் மடிப்பு. அவள் அப்பா கொடுத்த புனிதர் சரித்திரத்தில் மடிப்பில்லை.

துப்பறியும் நாவலை எடுத்தான். அவள் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவாள் என்பதற்காக, கடைசி அத்தியாயத்தைச் சேர்த்து நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தான். நூல் அப்படியே இருந்தது. முடிச்சைப் பார்த்தான். அவன் போட்ட முடிச்சு இல்லை.

எப்போது அவிழ்த்தாள்? யார் மறுபடி கட்டியது?

ஜூன் மாதம் அவள் படுக்கையானாள். எலும்புருக்கி. அவன் அக்கா மோலி, கோலார் தங்கவயலில் நர்ஸ், வந்து பார்த்து, நோயாளி அறையில் புத்தகம் வைக்காதே என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அலமாரியை உள்ளறையிலிருந்து கூடத்துக்கு இழுத்து வந்தான். தரையில் கோடு விழுந்தது. மெட்டில்டா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதான்," என்றாள். அதன் பிறகு அவள் புத்தகம் கேட்கவில்லை. அவனும் எடுத்துக் கொடுக்கவில்லை. மாலையில் ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவான். இருவருக்கும் நடுவே அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

அப்படியானால் இவற்றை மடித்தது யார்?

"அமலு." பின்னால் மோலி நின்றாள். "என்ன பண்றே? ஜனம் பாக்குது."

"புஸ்தகம் பாக்கறேன்."

"அதை ஏன் தொடறே? அடக்கம் முடிஞ்சதும் எல்லாத்தையும் பின்னாடி போட்டுக் கொளுத்திடணும். மெத்தை, தலகாணி, சேலை, இந்தப் புஸ்தகம், எல்லாம்."

"இதை அவ தொடலே. ஜூன்லேருந்தே தொடலே."

"உனக்கெப்படித் தெரியும்?" மோலி குரலைத் தாழ்த்தினாள். "பகல்லே நீ வீட்லயா இருந்தே?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். வார்டில் வேலை பார்க்கிறவள் கேட்கிற கேள்வி. அவன் எழுந்தான். அந்தக் கேள்வியும் அவனோடேயே எழுந்து நின்றது.

மரியராஜ் பெட்டியைப் பார்த்தபடி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னதுலே சாப்பிடற தட்டுமேலே புஸ்தகத்தைச் சாய்ச்சு வெச்சுப் படிப்பா. குழம்பு ஊத்தினா புஸ்தகத்துலே ஊத்தும்."

வாசலில் ஒரு அழுகை எழுந்தது. செபத்தை மீறிய பெரிய அழுகை. பின்சந்தில் குடியிருக்கும் ஜட்காக்காரரின் மனைவி கெம்பம்மா. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, படிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"யாரிது? வேலைக்காரியா?" என்றாள் மோலி.

"பக்கத்து வீடு," என்றான் அவன். அதற்கு மேல் அவளைப் பற்றி அவனுக்கும் தெரியாது.

*

கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் சுவர்களில் தேர்தல் சுவரொட்டிகள். ஓட்டுப் போட்டு முடிந்தும் யாரும் கிழிக்கவில்லை. தை மாசத்து வெயில் சுடவில்லை. அமலதாஸ் முன்னால் வலப்பக்கம் பிடித்திருந்தான். மூர்த்தி இடப்பக்கம். பெட்டியின் விளிம்பில் அவனுடைய இடது கை தெரிந்தது. நீளமான விரல்கள். கட்டைவிரல் நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

மூர்த்தியின் கண் சிவந்திருந்தது. சிநேகிதன் மனைவிக்கு ஒருவன் எவ்வளவு அழலாம்? அதற்கு ஏதாவது அளவு உண்டா? அமலதாஸுக்கு அழுகை வரவில்லை. வராதது அவனுக்கே விசித்திரமாக இருந்தது. அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. மூர்த்தி புத்தகம் இரவல் வாங்குவான். திருப்பிக் கொடுப்பான். எப்போது வந்து எடுத்தான், எப்போது வந்து கொடுத்தான் என்று இதுவரை யோசித்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக யோசித்தான்.

குழிக்குள் எல்லோரும் மண் போட்டார்கள். மூர்த்தி இடது கையால் போட்டான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவனாக வலது கையாலும் ஒரு பிடி எடுத்துப் போட்டான்.

திரும்பும்போது இருவரும் பின்தங்கினார்கள். அமலதாஸ்தான் நடையைக் குறைத்தான்.

"மூர்த்தி. நான் இல்லாதப்போ எங்க வீட்டுக்கு வந்திருக்கியா?"

"வந்தேனே. ஒரு தடவை."

"எதுக்கு?"

"உன் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான். கிறிஸ்மஸுக்கு முன்னாடி. உனக்குப் பரீட்சை டூட்டி."

"என்கிட்ட சொல்லலியே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கதவைத் தட்டப் போனேன். உள்ளே உன் ஆத்துக்காரி படிச்சுண்டிருந்தா. கதை. மூக்கால யார் மாதிரியோ பேசிண்டு. நடுநடுவே கன்னடத்துலே என்னமோ சொன்னா. அப்புறம் சிரிச்சா, பாரு, அப்படி ஒரு சிரிப்பு. கூட இன்னொருத்தரும் சிரிச்சாப்பல இருந்தது. சரி, விருந்தாளி போலிருக்குன்னு திரும்பிட்டேன்."

அமலதாஸ் நின்றுவிட்டான். மூக்கால். அது அவனுக்காகப் பேசிய மூக்கு.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"யாரு?"

"கூடச் சிரிச்சது."

"கதவுக்கு வெளில நின்னவனுக்கு எப்படிடா தெரியும்?" என்றவன் சட்டென்று நிறுத்தினான். அமலதாஸின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

"ஓ," என்றான். "காலம்பறேருந்து இந்தக் கையையே பாத்துண்டிருந்தே. பெட்டி தூக்கற விதம் தப்போன்னு நெனச்சேன். எங்காத்துலே இந்தக் கைக்கு வாங்காத திட்டு இல்லை. இது புதுசு."

"மூர்த்தி..."

"நான் போய்க் குளிக்கணும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை என்று அமலதாஸுக்குத் தெரிந்தது. ஆனால் அது ஆறுதலாக இல்லை. மூர்த்தி இல்லையென்றால் வேறு யாரோ. கன்னடக்காரர். வெற்றிலை போடுகிறவர். பகலில் வருகிறவர். ஊசி போட வரும் கம்பவுண்டர் நினைவுக்கு வந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் வருவான். முறுக்கிய மீசை, பவுடர் வாசனை. ஊசி போட எவ்வளவு நேரம் ஆகும்? போட்டபின் அவன் என்ன செய்வான்?

ஏழு மாதமாக அவள் சிரித்து அமலதாஸ் கேட்டதில்லை. வீட்டில் சிரிப்பு இல்லை என்றே நினைத்திருந்தான். இருந்திருக்கிறது. அவனுக்கு இல்லாமல்.

*

வீட்டுக்கு வந்தபோது மோலி கொல்லையில் தீ மூட்டியிருந்தாள். மூக்கையும் வாயையும் சுற்றித் துணி கட்டியிருந்தாள். மெத்தை எரிந்து முடிந்திருந்தது. மெட்டில்டாவின் சேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. மரியராஜ் அதைப் பார்க்க முடியாமல் மாதா கோவிலுக்குப் போய்விட்டார்.

"புஸ்தகம் மட்டும்தான் பாக்கி," என்றாள் மோலி, சண்டைக்குத் தயாராக. "நீ என்ன சொன்னாலும் சரி, அமலு. நான் வார்டுலே கண்ணால பாத்தவ. தாளுக்குத் தாள் கிருமி உக்காந்திருக்கும். உனக்கும் வந்துச்சுன்னா யார் பாக்கறது?"

"எரிச்சிடு."

"என்ன?"

"எல்லாத்தையும் எரிச்சிடு."

அவள் துணிக்கு மேலே கண்களை விரித்துப் பார்த்தாள். அவனே உள்ளே போனான். கையால் அணைத்து அணைத்து எடுத்து வந்து தீக்குப் பக்கத்தில் குவித்தான். அலமாரி காலியாகக் காலியாக அவனுக்குள் ஏதோ ஒன்று லேசானது. இனி யார் மடித்தால் என்ன, மடிக்காவிட்டால் என்ன.

முதலில் துப்பறியும் நாவலைப் போட்டான். நூல்தான் முதலில் பற்றியது. முடிச்சு விட்டதும் கடைசி அத்தியாயம் ஒவ்வொரு தாளாகப் பிரிந்து விரிந்து, ஒரு நிமிஷம் படிக்கத் தயாராக இருப்பதுபோல நின்றது. பிறகு சுருண்டது. அடுத்து வேதநாயகியின் கல்யாணப் பரிசு. அடுத்து எண்ணெய் பட்ட பயணக்கதை. அது சீக்கிரமே எரிந்தது.

பச்சைக் காலிகோவைக் கையில் எடுத்தான்.

"அய்யோ சிவனே! பேடா மேஷ்ட்ரே, வேண்டாம்!"

கொல்லை வாசலில் கெம்பம்மா. இடுப்பில் ஒரு சட்டி. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று கேழ்வரகு அம்பலி கொண்டு வந்திருந்தாள். சட்டியைத் தரையில் வைத்ததில் பாதி சிந்தியது. ஓடி வந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். கன்னடமும் தமிழும் கலந்த மண்டிப் பேச்சு.

"எதுக்கு இதை எரிக்கறீங்க? இது என்ன பாவம் பண்ணிச்சு?"

"எட்டிப் போம்மா," என்றாள் மோலி. "அதுலே நோய் இருக்கு. செத்தவங்க தொட்டது."

"எங்கே தொட்டாங்க? மெட்டிலம்மா தொடவே இல்லையே!"

"தொடாம எப்படிப் படிப்பாங்க?" என்றான் அமலதாஸ். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நான்தானே பிடிச்சேன்."

கெம்பம்மா புத்தகத்தை இடுக்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "மத்தியானம் ஜட்கா போனப்புறம் எனக்கு வேலை இல்லை. அம்மா ஜன்னல்லேருந்து கூப்பிடுவாங்க. கெம்பம்மா, கொல்லைக் கதவு தொறந்திருக்கு, பச்சை புக்கு எடுத்துட்டு வான்னு. நான் எடுத்துட்டு, சந்து சுத்தி ஜன்னலுக்கு வருவேன். கம்பிக்கு வெளியே நின்னு இப்படிப் பிடிப்பேன்."

புத்தகத்தை விரித்து அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். எழுத்து அவன் பக்கம். அட்டை அவள் பக்கம்.

"அவங்க படிப்பாங்க. அப்புறம் எனக்குக் கன்னடத்துலே சொல்வாங்க. கையைக் காட்டினா நான் தாள் திருப்பணும். ஒருநாள் ரெண்டு தாளைச் சேத்துத் திருப்பிட்டேன். 'ஏன் கெம்பம்மா, மாமியாரைக் கதையிலேருந்தே தூக்கிட்டியே, உன் வீட்லயும் இப்படித் தூக்க முடியுமா பாரேன்'னு அவங்க சொல்ல, நான் சிரிச்சு, அவங்க சிரிச்சு, இருமல் வந்து, பயந்தே போயிட்டேன்."

அமலதாஸ் காதில் அது விழவில்லை. அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகத்தைத் தாங்கிய அவளுடைய வலது கை, அவனுக்கு இடப்பக்கத்தில் இருந்தது. கீழ்முனையில். கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு.

"மடிச்சது நீயா?"

கெம்பம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க மேஷ்ட்ரே. அம்மா குச்சி வெக்கச் சொன்னாங்க. சந்து சுத்தி எடுத்துட்டுப் போறதுக்குள்ளே விழுந்துடும். எனக்கு எழுத்தா தெரியும், தேடிப் பிடிக்க? அதான் மடிச்சேன். 'பண்ணு, ஆனா மேஷ்ட்ருகிட்ட மட்டும் சொல்லாதே, ரெண்டு நாள் பேசமாட்டாரு'ன்னாங்க."

"அந்த நூல் கட்டின புக்கு?"

"அதுவா? கடைசியிலே என்னான்னு பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசைன்னாங்க. நான்தான் அவுத்து, திரும்பக் கட்டினேன். எங்க குதிரைக்குக் கட்டற முடிச்சு. எங்கே அது?"

அமலதாஸ் தீயைப் பார்த்தான். கெம்பம்மாவும் பார்த்தாள். மெல்ல வாயை மூடிக்கொண்டாள்.

மோலி முகத்துத் துணியை இறக்கினாள். "ஏன் தொடலே அவ?" என்றாள். நர்ஸாகக் கேட்கவில்லை.

"நானும் கேட்டேன். உள்ளே கொண்டு வந்து மடியிலே வெக்கட்டுமா, எனக்குத் தோள் வலிக்குதுன்னு. வேண்டான்னாங்க. 'நான் தொட்டா இதை எரிச்சுடுவாங்க. அவருக்கு அப்புறம் வீட்ல என்ன இருக்கும்?'னாங்க."

தீ தாழ்ந்துகொண்டிருந்தது. அமலதாஸ் ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினான். அட்டையின் ஒரு மூலை வந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. மறுபடி கிளறினான். மோலி வந்து அவன் கையிலிருந்து குச்சியை வாங்கித் தூரப் போட்டாள்.

"மிச்சத்தை உள்ளே கொண்டு போ," என்றாள். சற்று நேரம் கழித்து, "எதுக்கும் நாளைக்கு வெயில்லே காயவை," என்றாள்.

அவன் நகரவில்லை. கெம்பம்மாதான் புத்தகங்களை முந்தானையால் தட்டித் தட்டி எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பச்சைக் காலிகோவை மட்டும் வைக்கவில்லை.

"மேஷ்ட்ரே. ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக்கூடாது."

"கேளு."

"கதையிலே அந்தப் பொண்ணு பரிசல் துறையிலேயே நிக்கறா. மாமனார் ஆளுங்க பின்னாடி வர்றாங்க. பரிசல் வரலை. அந்த இடத்துலே மெட்டிலம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு, நாளைக்குன்னாங்க. அப்புறம் நாளைக்கு இல்லவே இல்லை. எனக்குப் படுத்தா அந்தப் பொண்ணுதான் வர்றா. என்ன ஆச்சு அவளுக்கு?"

"தப்பிச்சுடுவா. அண்ணன் வந்து..."

"சும்மா சொல்லாதீங்க!" அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்படிச் சொன்னா என்ன இருக்கு? படிச்சுச் சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் புத்தகத்தோடு கொல்லை வாசல் வழியாகப் போய்விட்டாள். அவன் மோலியைப் பார்த்தான். மோலி சிந்திய அம்பலியைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

உள்ளறையில் இரும்புக் கட்டில் மட்டும் நின்றது. மெத்தை இல்லாத கம்பிகள். ஜன்னலை ஒட்டி அதன்மேல் உட்கார்ந்தான். ஃபினைல் வாசனை. ஜன்னலுக்கு வெளியே செருப்பில்லாத காலடி வந்து நின்றது. கம்பிகளுக்கு அப்பால் புத்தகம் எழுந்து விரிந்தது. அதன் மேலே கெம்பம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"வெளிச்சம் போறதுக்குள்ளே," என்றாள்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தான். கனைத்துக்கொண்டு மறுபடி படித்தான். பிறகு கன்னடத்தில் சொன்னான். அவன் தங்கவயலில் பிறந்தவன். அவனுடைய கன்னடம் பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் போதும், கதைக்கு நொண்டியது. கெம்பம்மா பொறுமையாக 'ஹூம்' கொட்டினாள். மாமியார் பேச வேண்டிய இடம் வந்தது. சாதாரணக் குரலிலேயே படித்தான்.

கையைக் காட்டினான். தாள் திரும்பியது.

துறைக்குக் கொஞ்சம் தள்ளிப் புன்னை மரத்தடியில் யாரோ ஒரு பந்தத்தோடு நிற்பது தெரிந்தது என்று இருந்தது. தமிழில் படித்தான். கன்னடத்தில் தொடங்கினான். பாதியில் நின்றான்.

"ஒரு மரத்தடியிலே," என்றான்.

"யாவ மரா?" என்றாள் கெம்பம்மா. எந்த மரம்?

புன்னையை அவன் பார்த்ததில்லை. கன்னடத்தில் அதற்கு என்ன பெயர் என்றும் தெரியவில்லை. மெட்டில்டாவுக்குத் தெரிந்திருக்கும்.

"கேட்டுச் சொல்றேன்," என்றான்.

தெருக்கோடியில் ஒரு ஜட்கா திரும்பியது. கெம்பம்மா யாரைக் கேட்டு என்று கேட்கவில்லை. தோளை மாற்றிக்கொண்டு, புத்தகத்தை இறக்காமல் பிடித்தபடி நின்றாள்.